கசகசாப் பொட்டலம்

"பெரிய பெரிய நாடெல்லாம் இருபது வருஷம் வந்து காப்பாத்துச்சுன்னா, அந்த அண்ணா ஏன்ப்பா இன்னும் ஊருக்குப் போகப் பயப்படுறாரு?"

போன வருஷம் ஒருநாள் சாப்பிடும்போது ஏஞ்சல் இப்படிக் கேட்டாள். மூன்றாம் வகுப்பு. அவள் அப்பா சவுரிமுத்து, பள்ளி வேன் ஓட்டுபவர், "ரசம் ஊத்திக்கோ" என்றார். உலகத் தலைவர்களும் ஏறக்குறைய இந்தப் பதிலைத்தான் சொல்லியிருந்தார்கள் என்பதால் அவரைக் குறை சொல்வதற்கில்லை.

அந்த அண்ணா, நூருல்லா. ஆப்கானிஸ்தானிலிருந்து பொத்தேரிக்குப் படிக்க வந்தவன். சவுரிமுத்துவின் மாடி அறையில் வாடகைக்கு இருந்தான். அவன் அப்பா விவசாயி. கோதுமை போடுகிறேன் என்றால் கடன் கொடுக்க ஆளில்லை. அபினுக்கென்றால் முன்பணம் வீடு தேடி வரும். பயிர் விளைந்து நின்றபோது மலைமேல் துப்பாக்கியோடு இருந்தவர்கள் வரி வாங்கினார்கள். அழிக்காமல் விட அதிகாரிகள் மாமூல் வாங்கினார்கள். இரண்டையும் கொடுத்த பிறகு வெளிநாட்டுப் படை வந்து டிராக்டர் விட்டு அழித்தது. அந்தச் சரக்கை வாங்கி இழுத்தவர்கள் மட்டும் வேறொரு கண்டத்தில் சௌக்கியமாக இருந்தார்கள். கடைசியில் காப்பாற்ற வந்தவர்கள் விமானம் ஏறிப் போய்விட்டார்கள். "நீ வராதே, படி" என்று அப்பா போனில் சொன்னார்.

போன வாரம் பின்தெருவில் நான்கு பையன்கள் கஞ்சாவோடு பிடிபட்டார்கள். நால்வரும் நல்ல குடும்பத்துப் பிள்ளைகள், அதனால் சேர்க்கைதான் சரியில்லை என்று முடிவாயிற்று. அந்தச் சேர்க்கை யார் என்று கண்டுபிடிக்க ஞாயிறு பூசை முடிந்த கையோடு குடியிருப்போர் சங்கம் கார் நிறுத்துமிடத்தில் கூடியது.

"நான் யாரையும் தப்பா சொல்லல சார்" என்றார் செயலாளர் வினோத்குமார். தப்பாகச் சொல்லப் போகிறவர்கள் அப்படித்தான் ஆரம்பிப்பார்கள். "அபின் எந்த ஊர்லேர்ந்து வருதுன்னு எல்லாருக்கும் தெரியும். வாட்ச்மேன்கிட்ட அந்த மாடிப் பையன் வெச்சிட்டுப் போன பையில இது இருந்துச்சு." ஒரு சின்னப் பொட்டலத்தைத் தூக்கிக் காட்டினார்.

அவர் மனைவி புஷ்பலதா எட்டிப் பார்த்தாள். "அது கசகசாங்க. தாம்பரம் மார்க்கெட் பொட்டலம். காலைல நம்ம குருமாக்குக்கூட அரைச்சு ஊத்தினேன்."

"நம்ம வீட்ல இருந்தா மசாலா, புஷ்பா. அவன்கிட்ட இருந்தா வேற."

எல்லாரும் தலையாட்டினார்கள். குருமாவும் தோசையும் இன்னும் செரித்திருக்கவில்லை.

"அண்ணா, அவனை நீங்க வெளிய தள்ள வேணாம்" என்று செயலாளர் சவுரிமுத்துவைப் பார்த்துச் சொன்னார். "விசா நீட்டிக்க வீட்டுக்காரர் கடிதம் கேட்டிருக்கானாம். செவ்வாய்க்கிழமை கடைசி நாள். கையெழுத்து போடாம விட்டுடுங்க. தானா ஊருக்குப் போயிடுவான்."

சொல்ல சவுரிமுத்துவிடம் ஒன்று இருந்தது. பன்னிரண்டு வருஷத்துக்கு முன் வளைகுடாவுக்கு வேலைக்குப் போனபோது, விமான நிலையத்தில் அவர் பெட்டியிலிருந்தும் இதே பொட்டலத்தைத்தான் எடுத்தார்கள். அபின் செடியின் விதை என்பதால் அந்த ஊர்ச் சட்டத்தில் கசகசாவும் போதைப்பொருள். மூன்று நாள் லாக்கப். ஏசி குளிரில் நடுங்கிக்கொண்டிருந்தவருக்கு, பக்கத்தில் கிடந்த ஒரு ஆப்கானிஸ்தான் பத்தான் தன் ரொட்டியில் பாதியைப் பிய்த்துக் கொடுத்து, இருந்த ஒரே போர்வையையும் போர்த்திவிட்டான். காலையில் ஊருக்கு அனுப்பக் கூட்டிப்போனபோது அவன் தூங்கிக்கொண்டிருந்தான். பெயர்கூடக் கேட்கவில்லை. இரவு ஜெபத்தில் சவுரிமுத்து அவனை 'அந்த மனுஷன்' என்றுதான் சொல்லுவார். ஊரில், கம்பெனியை மூடிவிட்டார்கள் என்று சொல்லி வைத்திருந்தார். இங்கே வாயைத் திறந்தால் 'போதைப்பொருள் கேசு' என்ற பெயர் வேனிலும் ஏறும், பிள்ளைகள் இறங்கிவிடுவார்கள்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி ஜோசலின் கேட்டாள். "என்னவாம்?"

"கையெழுத்து போடாதேங்குறாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஒண்ணும் சொல்லல."

அவள் வெங்காயத்தை நறுக்கியபடியே இருந்தாள். "அன்னைக்கு அந்தப் பொட்டலத்தைக் கட்டிக் குடுத்தது நான்தான். உங்களை யாரும் கள்ளன்னு நினைக்கலயா, அந்த லாக்கப்புல?"

"எல்லாரும் நினைச்சாங்க. ஒருத்தன் நினைக்கல."

"அப்புறம் என்ன?" என்று அவள் அடுத்த வெங்காயத்தை எடுத்தாள்.

திங்கட்கிழமை காலைச் சவாரி முடிந்ததும் சவுரிமுத்து தாம்பரம் மார்க்கெட்டுக்குப் போனார். போர்வை வாங்கலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தார். பொத்தேரி வெயிலில் ஒருவனுக்குப் போர்வை கொடுத்தால் அது தண்டனை. நூறு கிராம் கசகசா வாங்கினார்.

உச்சி வெயிலில் மாடிப்படியில் ஒரு ஈ காக்கை இல்லை. நூருல்லா கல்லூரியில் இருந்தான். தன்னிடமிருந்த சாவியால் கதவைத் திறந்தார். 'இவர் என் வீட்டில் குடியிருக்கிறார். நல்ல நடத்தை உள்ளவர். இவருக்கு நான் பொறுப்பு' என்று எழுதிக் கையெழுத்திட்ட கடிதத்தை அடுப்பு மேடையில் வைத்தார். அது பறக்காதபடி பொட்டலத்தை அதன்மேல் வைத்தார்.

கதவைப் பூட்டிவிட்டு இறங்கினார். வேனுக்கு இன்னும் நேரம் இருந்தது.