பிள்ளையாருக்குப் பின்னால் இருந்த துண்டு

பிள்ளையார் படத்தைத் துடைக்கப் போன சிவமணி, அதன் பின்னால் செருகியிருந்த பொலிஸ் பதிவுத் துண்டைக் கண்டதும் அப்படியே நிலத்தில் குந்திவிட்டாள். செருகியவள் அவளேதான். காலையில் புருசனின் சேட்டைத் தோய்க்கும்போது பையிலிருந்து எடுத்து, பத்திரமாக இருக்கட்டும் என்று அங்கே வைத்தாள். காணி உறுதி, மகளின் கடிதம், எல்லாம் சாமி படத்துக்குப் பின்னால்தானே வைக்கிற பழக்கம்! வைத்தாள், மறந்தாள். மனுசன் தோய்த்த சேட்டைப் போட்டுக்கொண்டு வெறும் பையோடு இரவு வேலைக்குப் போய்விட்டார்.

தொண்ணூற்றேழாம் ஆண்டு. வடக்கிலிருந்து வந்த தமிழருக்குக் கொழும்பில் அடையாள அட்டை மட்டும் காணாது, இந்தத் துண்டும் வேணும். கனகசபாபதி, சிவமணி, இரண்டு பேரும் அந்த ஒரே கடதாசியில். அவர் கொண்டு போனால் அவள் வெள்ளவத்தை அறைக்குள் அடைந்து கிடப்பாள். துண்டில்லாமல் சோதனையில் அகப்பட்டால் ட்ரக்கில் ஏற்றிவிடுவார்கள். பிறகு எங்கே போய்த் தேடுவது? மனுசனுக்குச் சீனி வருத்தம் வேறு.

துண்டை எடுத்துக்கொண்டு, சந்தியில் நின்ற ஒஸ்வால்டின் ஓட்டோவில் ஓடிப்போய் ஏறினாள். கொட்டாஞ்சேனைப் பொடியன், சிங்களம் அவனுக்குத் தண்ணி பட்ட பாடு.

"பம்பலப்பிட்டிக்கு விடும் தம்பி. அங்கிள் வேலை செய்யிற கொமினிகேஷனுக்கு."

வெளிநாட்டுக்குக் கோல் எடுத்துக் கொடுக்கிற கடை அது. அங்கேயிருந்த பெட்டை கையை விரித்தாள். "அங்கிள் இஞ்சை விட்டு மூண்டு மாசம் அன்ரி. இப்ப வேறையெங்கையோ இரவு வேலையாம்."

சிவமணி விரல்விட்டு எண்ணினாள். மூண்டு மாசமோ? அப்ப, விடியப்புறம் வந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டு சொன்ன கதையெல்லாம்? ரொறொன்ரோவிலை ஒரு மனுசி அழுதது, பாரிசிலை ஒருத்தன் தாயோடை சண்டை பிடித்தது? என்ன புளுகு!

ஒஸ்வால்ட் பிடரியைச் சொறிந்தான். "அங்கிளக் கொள்ளுப்பிட்டியில ஒருநாள் கண்டேன் அன்ரி. எந்த இடமெண்டு சரியாத் தெரியாது. தேடுவோம் வாங்க."

கொழும்புக்கு வந்து இரண்டு வருசத்தில் அவள் இருட்டிய பிறகு வெளியே வந்ததே இல்லை. இப்போது வாசல் வாசலாகத் தேடினாள். கசினோ வாசலில் சிவப்புக் கம்பளம். மாடியொன்றில் யாரோ மைக்கைப் பிடித்து ஒரு ஹிந்திப் பாட்டைக் கொலை செய்துகொண்டிருந்தான். குட்டைச் சட்டைப் பெட்டைகள் நடைபாதையில் நின்று கொத்து ரொட்டி தின்றார்கள். பத்தடி தள்ளி மண்மூட்டைக்குப் பின்னால் துவக்கோடு ஆமிக்காரன். யுத்தம் நடக்கிற நாடோ இது என்று முணுமுணுத்தாள். ஆனால் பொய் சொல்லக்கூடாது, பார்க்கப் பொல்லாத வடிவாய்த்தான் இருந்தது. பயத்துக்கு நடுவிலும் கண்ணை எடுக்க முடியவில்லை.

ஒவ்வொரு வாசலிலும் ஒஸ்வால்ட் இறங்கிக் கேட்டான். எல்லா இடத்திலும் இல்லை என்றார்கள். ஐந்தாவது வாசலில் கேட்கத் தேவை இருக்கவில்லை.

மின்விளக்குச் சோடித்த கிளப். வாசலில் சிவப்புக் கோட்டும் தங்கப் பொத்தானும் தலைப்பாகையுமாகக் கனகசபாபதி, ஒரு காரின் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு குனிந்து நின்றார். இறங்கிய பொடியனுக்கு இருபது வயதுகூட இராது. ஊரில் கூட்டுறவுச் சங்கத்துக்கு மனேஜராக இருந்த மனுசன்! அவர் வந்தால் நாற்பது பேர் எழும்பி நிற்பார்கள்.

"ஐயோ, என்ரை ராசா" என்று சிவமணி அழுதேவிட்டாள். திரும்பிப் போனால் அவர் மானம் தப்பும். துண்டில்லாமல் விடிய நடந்து வருகிற மனுசனை ஆர் தப்பவைக்கிறது?

முகத்தைத் துடைத்தாள், சேலையைச் சரிசெய்தாள். "தம்பி, வாசலுக்கே விடும்."

"ஓட்டோவ அங்க எடுக்க மாட்டாங்க அன்ரி."

"விடும் எண்டால் விடும்!"

ஓட்டோவுக்குக் கதவு ஏது? பழக்கதோசத்தில் கனகசபாபதி குனிந்து கையை நீட்டினார். "குட் ஈவினிங் மேடம்" என்ற பிறகுதான் முகத்தைப் பார்த்தார். நீட்டிய கை அப்படியே நின்றுவிட்டது.

சிவமணி அந்தக் கையைப் பிடித்து ஆறுதலாக இறங்கினாள். மற்றவர்கள் சந்தோசக் காசு வைப்பதுபோல, மடித்த துண்டை அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"தலைப்பாகை கோணலாக் கிடக்கு. ஆர் கட்டினது?"

"நான்தான்..."

"நாளைக்கு வீட்டிலை நான் கட்டிவிடுறன்."

அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. துண்டை விரித்துப் பார்த்தவர் திடுக்கிட்டார். "இது என்னட்டை எண்டால், நீர் எப்பிடியப்பா திரும்பிப் போவீர்?"

சிவமணி அதை யோசிக்கவே இல்லை. "நான் ஏன் தனியப் போறன்? உங்கடை வேலை முடியட்டும்" என்றாள்.

ஒஸ்வால்ட் ஓட்டோவை எதிர்ப்பக்கம், ஒரு கூப்பிடு தூரத்தில் நிற்பாட்டினான். கொத்து ரொட்டியும் வாங்கிக் கொடுத்தான். அவள் சாப்பிட்டாள், உள்ளிருந்து வந்த பாட்டுக்குக் காலைக்கூட ஆட்டினாள். கனகசபாபதி வருகிற ஒவ்வொரு காருக்கும் ஒரு சலூட் அடித்தார், பிறகு வீதிக்கு இந்தப் பக்கம் பார்த்து இன்னொன்று அடித்தார்.

விடியப்புறம் நாலு மணிக்குக் கோட்டைக் கழற்றிவிட்டு வந்து, அவளுக்குப் பக்கத்தில் ஏறினார். ஓட்டோ பம்பலப்பிட்டியைத் தாண்டியது.

"இண்டைக்கு ரொறொன்ரோவிலை ஆர் அழுதது?" என்று சிவமணி கேட்டாள்.

அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "இண்டைக்கு ஒருத்தரும் அழேல்லையப்பா" என்றார்.