பச்சைக் கோட்டுக்கு இன்னும் மூன்று விரல்கடை

1

முதலில் ஒரு பொய்யை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை அந்தப் பொய்யிலிருந்துதான் வந்தது.

பழைய சாமான் விற்கிற ஆப் ஒன்றில் போட்டோ பார்த்தேன். ‘மரம் அறுக்கும் மெஷின். எங்க வேணும்னாலும் கொண்டுபோகலாம். புதுசா தொழில் ஆரம்பிக்கிறவங்களுக்கு ஏத்தது. திருவொற்றியூர்.’ எனக்கு மரம் அறுக்கத் தெரியாது. சுவரில் ஆணி அடித்தாலே விரலில்தான் அடிப்பேன். ஆனாலும் எழுத ஏதாவது சிக்குமா என்று கிளம்பிப் போனேன். பஸ் தண்டையார்பேட்டையைத் தாண்டுவதற்குள் மனசுக்குள் முதல் பத்தியை எழுதியும் முடித்துவிட்டேன். (இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.)

விற்பவர் பெயர் ரோஷன். மர வியாபாரி, ஐம்பது வயது, வாயில் எப்போதும் சோம்பு. தகர ஷெட்டுக்குள் மெஷினைக் காட்டினார். தரையில் தண்டவாளம் மாதிரி இரண்டு இரும்புச் சட்டம். அதன்மேல் உருளும் வண்டியில் ஒரு பெட்ரோல் இஞ்சின், அது சுற்றும் ரம்பப் பட்டை. பெரிய மரவாடியில் கட்டை ரம்பத்திடம் போகும். இதில் கட்டை அசையாமல் கிடக்கும், ரம்பம்தான் கட்டையைத் தேடி வரும். இஞ்சின் பக்கத்தில் இதுவரை எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று காட்டும் மீட்டர் இருந்தது. 412.

சும்மா இஞ்சின்மேல் கையை வைத்தேன். சூடாக இருந்தது.

“யாருக்கு சார்? உனுக்கா?” என்றார் ரோஷன்.

“எனக்கில்ல. தெரிஞ்சவங்களுக்கு. செங்கொடின்னு பேரு. கண்டெய்னர் யார்டுல வந்து போற பெட்டிகளை எண்ணி டேலி எழுதுறாங்க. வேலையை விட்டுட்டு மாத்தூர்ல இடம் பார்த்துகிட்டு இருக்காங்க.”

வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அப்படி ஒரு பெண் கிடையாது. ஊர் முதற்கொண்டு நானே கட்டியது.

பதினெட்டு நாள் கழித்து ரோஷன் போன் செய்தார். “சார், உன் செங்கொடி வந்து மெஷின எடுத்துகினு பூட்டாங்க. ரொம்ப தேங்ஸ் சார்.”

2

எனக்கு விடியற்காலை ஐந்திலிருந்து ஆறு வரை எழுதுவதுதான் பழக்கம். போன் வந்த மறுநாளே உட்கார்ந்தேன். தொடக்கங்கள்:

செங்கொடிக்கு மரத்தைப் பற்றி ஒன்றுமே தெரியாது — [பொய். பதினொரு வருடம் யார்டில் நின்றவள். கப்பல் சரக்குக்கு அடியில் போட்டுவரும் நல்ல நல்ல கட்டையெல்லாம் விறகாகப் போவதைப் பார்த்துப் பார்த்து வயிறு எரிந்தவள்.]

மாத்தூரில் அன்று காலை வெயில் — [வெயிலில் ஆரம்பிக்கும் கதைகள் போதுமடா சாமி.]

மூன்றாவது நின்றது:

மெஷின் வாங்கப் போன இடத்தில் செங்கொடி முதலில் இஞ்சின்மேல்தான் கையை வைத்தாள். அவள் புருஷன் ஜெயவேல் காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்கு டிரெய்லர் ஓட்டுகிறவன், அவன் சொல்லி அனுப்பிய வேலை அது. பழைய இஞ்சின் வாங்கப் போனால் அது குளிர்ந்து கிடக்க வேண்டும். சூடாக இருந்தால், நீ வருவதற்குள் கயிற்றை நாற்பது இழுப்பு இழுத்து ஸ்டார்ட் பண்ணி வைத்திருக்கிறான் என்று அர்த்தம்.

“இன்னா பாய், சூடா கீது? நான் வர்றதுக்கு முன்னாடியே ஓட்டி வச்சிட்டியா?”

“அல்லா மேல ஆணையா இல்லமா. நாலு மாசமா கயித்தையே தொடல. வெயில்ல நின்னுகினு கீதில்ல, அதான்.”

மெஷின் நிழலில் நின்றது. அதை அவள் கவனித்தாள். ஆனால் சட்டத்தோடு நூல் பிடித்துப் பார்த்தாள், கோணல் இல்லை. ரோஷன் ஒரு வேப்பங்கட்டையை ஏற்றி அறுத்துக் காட்டினார். பலகை கழன்று விழுந்ததும் அதன் ஈர முகத்தைத் தடவினாள். ஆசை வந்துவிட்டால் அப்புறம் புத்தி எங்கே வேலை செய்யும்? வேலையை விட்டபோது கைக்கு வந்தது முழுவதும் அன்றோடு மெஷினாகிவிட்டது. இது ஓடாவிட்டால் அவளுக்கு வேறு போக்கு இல்லை.

(அவள் கையை வைத்ததையும் ரோஷன் ஆணையிட்டதையும் நான் கற்பனையாகத்தான் எழுதினேன். பிறகு ரோஷனிடம் கேட்டேன். “கரீட்டா அப்டியேதான் சார். நீ எங்க நின்னுகினு பாத்த?” என்றார்.)

3

கதை என்றால் ஆபத்து வேண்டும். ராயபுரத்தில் ஒரு மரவாடியில் போய், கட்டைக்குள் ஆணி இருந்தால் என்ன ஆகும் என்று விசாரித்தேன். அங்கே அறுத்துக்கொண்டிருந்தவர் சிரித்தார். “ஆணிலாம் சும்மா சார். ரம்பத்துல நாலு பல்லு பூடும், அவ்ளோதான். தடி போல்ட்டுல மாட்டினாதான் பேஜாரு. பட்டை அறுந்து பறக்கும். சட்டத்துக்கு எதிர்ல எவன் நிக்கிறானோ அவன் காலி.”

வீட்டுக்கு வந்து போல்ட்டை வைத்தேன். பெருமையாக இருந்தது, மறைக்கவில்லை.

ஜெயவேல் காட்டுப்பள்ளியிலிருந்து ஒரு கனத்த கட்டை கொண்டுவந்து போட்டான். நல்ல சிவப்பு மரம். குறுக்கே பச்சைப் பெயின்ட்டில் ஒரு கோடு. கோட்டுக்கு நேர் கீழே, உள்ளே, கட்டைவிரல் தடிமனில் கப்பல் போல்ட் ஒன்று. மேலே மரத்தக்கை அடித்து மூடி, அதன்மேல் பெயின்ட் பூசியிருந்தது.

செங்கொடி அசட்டுப் பெண் இல்லை. கட்டையை ஏற்றுவதற்கு முன் சோதித்தாள், அவளுக்குத் தெரிந்த வழியில். அவளுடைய அப்பா குணசேகரன் பழைய ஸ்பீக்கர் காந்தத்தைக் கயிற்றில் கட்டி வியாசர்பாடித் தெருக்களிலும் தண்டவாள ஓரத்திலும் இழுத்துக்கொண்டே போவார். சாயந்தரம் காந்தம் முழுக்க ஆணியும் நட்டும் அப்பியிருக்கும். அதை எடைக்குப் போட்டுத்தான் வீட்டில் உலை வைத்தார்கள். அதே காந்தத்தைக் கட்டையின் நான்கு பக்கமும் இழுத்தாள். எங்கேயும் ஒட்டவில்லை.

போல்ட் எவர்சில்வர். வீட்டில் நல்ல எவர்சில்வர் டம்ளர் இருந்தால் காந்தத்தை வைத்துப் பாருங்கள், வழுக்கிக்கொண்டு போகும். இரும்பு பொறுக்கி வளர்ந்தவளுக்குக் காந்தம் சொன்னால் சொன்னதுதான். வேறு யாராக இருந்தாலும் சந்தேகப்பட்டிருப்பார்கள்.

4

டேலி எழுதிய கை சும்மா இருக்காது. தினமும் மெஷினை நிறுத்தியதும் மீட்டரைப் பார்த்து ஒரு பலகையில் பென்சிலால் குறித்துவைப்பாள். காலையில் வந்ததும் மறுபடி பார்ப்பாள்.

முதல் நாள் சாயந்தரம் 413. மறுநாள் காலை 414. இஞ்சின் சூடு. சட்டத்தின்மேல் புது மரத்தூள்.

எவனோ ராத்திரியில் மாத்தூர் ஷெட்டின் பூட்டைத் திறந்து ஓட்டுகிறான் என்றுதான் நினைத்தாள். பேய் என்றெல்லாம் அவளுக்குத் தோன்றவில்லை. தொழில் மெஷினை இரவல் ஓட்டுகிற திருட்டுப்பயல் என்றால் அவளுக்குப் புரியும். அந்த வாரம் கட்டையை ஏற்றியதோடு சரி, அவள் கயிற்றையே இழுக்கவில்லை. இஞ்சினின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அது இல்லாமல் எவனும் ஓட்ட முடியாதென்று, கைக்குட்டையில் முடிந்து வீட்டுக்கு எடுத்துப்போனாள். காலையில் வந்து பார்த்தால் 415. சூடு. ஏற்றிவைத்த சிவப்புக் கட்டையில் யாரோ அறுக்கத் தொடங்கியிருந்தார்கள். நான்கு விரல்கடை ஆழத்துக்கு நேராக, சுத்தமாக. அவளால்கூட அப்படி அறுக்க வராது.

மறுநாள் 416. இன்னொரு நான்கு விரல்கடை.

இதையெல்லாம் எனக்குச் சொன்னது ரோஷன். வாங்கியவர் புதுசு என்றால் விற்றவருக்கு நிம்மதி ஏது? தினமும் ஒரு சந்தேகம் கேட்டுச் செங்கொடி அவருக்குப் போன் செய்வாள். அவர் எனக்குச் செய்வார். “மெஷின்ல இன்னாமோ கீது சார். உனுக்கு தோஸ்துதானே, நீ ஒரு தபா வந்து பாரேன்.”

நான் போகவில்லை. என் நோட்டைத்தான் பார்த்தேன். இந்தக் கதையின் முதல் வரைவு எழுதிய காலை அவள் மீட்டரில் 414. இரண்டாவது வரைவு, 415. மூன்றாவது, 416. நான் எழுதுகிற ஒரு மணி நேரம் அங்கே ஒரு மணி நேரமாக ஓடியிருக்கிறது. பஸ்ஸில் மனசுக்குள் எழுதிய அன்று நான் தொட்ட இஞ்சினும் சூடாகத்தான் இருந்தது.

நோட்டை மூடி வைத்தேன். பயம்தான், வேறென்ன சொல்ல.

5

போல்ட்டை எடுத்துவிட்டால் தீர்ந்தது என்று நினைத்தேன். மறுநாள் விடியற்காலை நான்காவது வரைவில் எழுதினேன்:

கட்டைக்குள் போல்ட் எதுவும் இல்லை. செங்கொடி அதை நிம்மதியாக

அந்த வரியை முடிக்கவில்லை. ஏழு மணிக்கு ரோஷன். 417. இன்னும் நான்கு விரல்கடை.

அடுத்த நாள் அவளே கட்டையைக் கீழே தள்ளிவிடுவதாக எழுதிப் பார்த்தேன். 418. கட்டை இடத்தைவிட்டு அசையவில்லை, வெட்டுதான் முன்னே போயிருந்தது. திருத்துவதும் எழுத்துதானே. நான் என்ன எழுதினாலும் அந்த ரம்பத்துக்கு ஒன்றுதான்.

6

“ரோஷன், அந்தக் கட்டைக்குள்ள பச்சைக் கோட்டுக்குக் கீழ ஒரு போல்ட் இருக்கு. எவர்சில்வர். உடனே சொல்லுங்க.”

“உனுக்கு எப்டி சார் தெரியும்?”

“நான்தான் வச்சேன்.”

ரோஷன் “சொல்றேன்” என்று மட்டும் சொல்லி வைத்தார்.

சாயந்தரம் பதில் வந்தது. “சொன்னேன் சார். மூணு வாட்டி காந்தம் போட்டாங்களாம், ஒண்ணுமே இல்லியாம். எங்க அப்பன் காந்தம் பொய் சொல்லாதுன்றாங்கோ. உன் பேரச் சொன்னா, அது யாருன்னே தெர்லன்றாங்கோ. இன்னா சார் இது?”

“வெட்டு எதுவரைக்கும் வந்திருக்கு?”

“பச்சைக் கோட்டுக்கு நாலு விரல்கடை கீது. அத்தவுடு, இதக் கேளு. நாளைலேந்து விடிகாலைலயே போய் நிக்கப் போறாங்களாம். எவன் ஓட்றான்னு கையோட புடிக்கணுமாம். சட்டத்துக்கு எதிர்ல, ரம்பம் வர்ற பக்கமா பாத்துகினு நிப்பாங்களாம்.”

பழகியவர்கள் யாரும் அங்கே நிற்க மாட்டார்கள். புதுசாக வாங்கியவள்தான் நிற்பாள்.

மறுநாள் ஐந்து மணிக்கு நோட்டைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு எழுத்து எழுதவில்லை. மனசுக்குள்கூட எழுதிவிடக் கூடாதென்று பெருக்கல் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தேன். பதினேழாம் வாய்ப்பாடு வரைக்கும் போனேன்.

ஆறரைக்கே ரோஷன். “ஓடுச்சி சார். கண்ணெதிர்லயே ஓடுச்சாம். பிளக்கு அந்தம்மா கையில கீது, இஞ்சின் ஓடுது. ஒரு விரல்கடை அறுத்துட்டு தானா நின்னுச்சாம்.”

நான் எழுதவே இல்லையே! தலையில் அடித்துக்கொண்டேன். அப்புறம் ஞாபகம் வந்தது. இரண்டு நாளுக்கு முன், என் அவஸ்தை தாங்காமல், அதுவரை எழுதியதைப் படித்துப் பார்க்கச் சொல்லிச் சிநேகிதி ஆன்சிக்கு அனுப்பியிருந்தேன். போன் செய்தேன்.

“இப்பதான் படிச்சேன்,” என்றாள் ஆன்சி. “காலையில டீ குடிச்சிகிட்டே. நல்லாருக்கு. முடிவு எங்கே?”

7

இந்தப் பகுதியை மத்தியானம் எழுதுகிறேன். செங்கொடி சாப்பிட வீட்டுக்குப் போயிருக்கிறாள். ரோஷன் மாத்தூரில் அவள் ஷெட் வாசலில் உட்கார்ந்திருக்கிறார், அவள் தெருமுனையில் தெரிந்தால் போன் செய்வார், நான் பேனாவை வைத்துவிட வேண்டும். அதுவரை நான் எழுதினாலும் கட்டையைத் தொடாமல் சும்மா காற்றிலேயே ஓடட்டும் என்று, ரம்பத்தைக் கட்டைக்கு மேலே உயர்த்தி வைத்திருக்கிறார். அது எவ்வளவு நேரம் கேட்கும் என்று அவருக்கும் தெரியாது.

மெஷினை விற்றுவிடச் சொன்னேன். மாட்டாளாம். முழுப்பணமும் அதில் கிடக்கிறது, திருட்டுப்பயலுக்குப் பயந்து தொழிலை விடுவதா என்கிறாளாம். அவளைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? நான் பொய் சொன்ன அன்றைக்கு இல்லாத பெண். இப்போது அவளுக்கு ஒரு உயிர் இருக்கிறது, அதைத் தூக்கி ரம்பத்துக்கு எதிரில் நிறுத்தியவன் நான்.

முடிவுகள் மூன்று வைத்திருந்தேன். மூன்றையும் கிழித்துவிட்டேன், சொல்ல மாட்டேன். சொன்னால் படிப்பீர்கள்.

கோட்டுக்கு மூன்று விரல்கடை இருக்கிறது. எழுதினால் நான்கு போகும், படித்தால் ஒன்று. நான் இனி எழுதப்போவதில்லை, இது சத்தியம். மிச்சமிருப்பது உங்கள் கணக்கு மட்டும்தான். இப்போது ஒரு முறை படித்துவிட்டீர்கள். பிடித்துப்போய் வீட்டில் யாரிடமாவது கொடுப்பீர்கள். முதல் பத்தியில் ஏதோ விட்டுப்போச்சே என்று மறுபடி மேலே போவீர்கள்.

இதோ, போன் அடிக்கிறது.

“வந்துட்டாங்க சார். அங்கயேதான் நிக்கிறாங்க. நீ எழுதறது, படிக்கிறவங்க கணக்கு எல்லாம் சொல்லிட்டேன், கேக்கல. உன்கிட்ட ஒண்ணு கேக்கச் சொல்றாங்கோ.”

“என்ன?”

பின்னால் ஒரு பெண் குரல் கேட்டது. கோபமில்லாத, டேலி சரிபார்க்கிற குரல். ரோஷன் சொல்வதற்கு முன்பே எனக்குக் கேட்டுவிட்டது.

“படிக்கிறவங்க இன்னும் எத்தினி பேரு கீறாங்கன்னு கேளு.”