முன்சீட்டில் ஆறு அங்குலம்

அசோகனுக்குக் காலையிலிருந்தே இருப்புக் கொள்ளவில்லை. சாத்தாங்காட்டு இரும்பு மார்க்கெட்டுக்குப் பின்னால் இருந்த ரஷீதின் வெல்டிங் பட்டறையில் அவனுடைய பழைய டீசல் ஜீப் பிரிந்து கிடந்தது. குட்டி போட்ட பூனை மாதிரி அதையே சுற்றிச் சுற்றி வந்தான். பூனைக்காவது நாலு காலும் மடங்கும். இவனுக்கு இடது முட்டி மடங்காது. எட்டு மாதத்துக்கு முன் ஒரு டிரெய்லர் இடித்து முட்டி நொறுங்கியது. டாக்டர்கள் பிளேட் வைத்ததில் கால் நீட்டியது நீட்டியபடியே நின்றுவிட்டது.

ஜீப்தான் அவன் பிழைப்பு. எண்ணூர்க் கழிமுகத்தில், மற்ற வண்டிகள் புதைந்துபோகும் சேற்றில், மின்கோபுர வேலைக்காரர்களை ஏற்றி இறக்குவான். பதினாறு வருஷமாக அந்த ஸ்டீரிங்கை இன்னொருத்தன் தொட்டதில்லை. "வேற டிரைவர் போட்டுக்கோ" என்று புத்தி சொன்னவர்களிடமெல்லாம் சண்டைக்குப் போனான். ரோஷம் சோறு போடுமா? போடவில்லை. காத்திவாக்கம் தவசிமுத்துவுக்கு வண்டியை விற்பதாகப் பேச்சாகிவிட்டது. இன்று சாயங்காலம் வந்து எடுத்துக்கொண்டு போய்விடுவார். அதற்குள் தன்னால் ஓட்ட முடியும் என்று ஆகிவிட்டால் விற்க வேண்டியதில்லை. அந்த ஒரு நம்பிக்கையில்தான் ரஷீதிடம் வந்திருந்தான்.

முன்சீட்டு இந்தக் கதவிலிருந்து அந்தக் கதவு வரை ஒரே நீள சீட்டு. அதன் பின்னால் இருந்த டூல் பெட்டியை ரஷீது அறுத்து எறிந்தான். தரையில் புதுத் துளை போட்டு, மொத்த சீட்டையும் ஆறு அங்குலம் பின்னுக்குத் தள்ளி போல்ட் முடுக்கினான்.

"ஏறிக் குந்து மாமு. கால் நீட்ட எடம் கீதா பாரு."

இருந்தது. கல்யாண மாப்பிள்ளை மாதிரி தாராளமாக உட்காரலாம். ஆனால் கிளட்சை மிதிக்கப் போனால் தொடை சீட்டின் விளிம்பில் இடித்தது. ரஷீது விளிம்பையும் வளைவாக வெட்டினான். இப்போது கிளட்ச் முக்கால்வாசி இறங்கியது. மிச்சத்துக்கு அசோகன் ஸ்டீரிங்கில் தொங்கி, இடுப்பை முன்னால் நகர்த்தி மிதித்தான். தொங்கியதில் ஸ்டீரிங்கும் திரும்பியது. வண்டி பட்டறைக்கு எதிரே இருந்த மைதானத்தில் கோணலாக ஓடி, அடுக்கி வைத்திருந்த குழாய்களை நோக்கிப் போனது.

"யோவ்! பிரேக்கப் போடுய்யா!"

ஓரமாக நின்று கத்தியது அவன் மனைவி ரமாபாய், தினமும் பக்கத்து சீட்டில் அவனோடு வேலைக்குப் போய்வருகிறவள். குழாய்க்கு ஒரு சாண் இருக்கும்போது வண்டி நின்றது.

"சீட்டு சரியில்ல. இன்னும் ரெண்டு இன்ச்சு தள்ளு" என்றான் அசோகன். ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல்.

"இன்னும் தள்ளுனா நீ பின்னாடி வர்ற வண்டிலதான் குந்தணும்" என்றான் ரஷீது.

மணி மூன்று. தவசிமுத்து புறப்பட்டுவிட்டதாக போன் வந்தது. அசோகன் கட் செய்தான். ரமாபாய் வந்து பக்கத்தில் ஏறினாள். குள்ளமான பெண். சீட்டின் நுனிக்கு வந்து, கியர்க் கம்பியைத் தாண்டி வலது காலை நீட்டினாள்.

"நீ ஸ்டீரிங்க புடி. கிளச்ச எங்கிட்ட வுடு. மிதின்னா மிதிக்கிறேன்."

"இன்னாமே, வெளாட்டா?"

"நேரம் போய்கினே கீது. ஸ்டார்ட் பண்ணுய்யா."

வேறு வழியில்லை. "மிதி" என்றான், கியர் விழுந்தது. "வுடு" என்றான், வண்டி அலுங்காமல் நகர்ந்தது. முதல் சுற்று அப்படிப் போனது. இரண்டாவது சுற்றில் எஞ்சின் இரையத் தொடங்கியது. அசோகன் வாயைத் திறப்பதற்குள் கிளட்ச் இறங்கிவிட்டது. கை தானாகப் போய் கியரை மாற்றியது. திருப்பத்திலும் அப்படியே. அவனைவிட ஒரு நொடி முன்னால் அவள் கால் போனது.

வண்டியை நிறுத்தினான். "நா சொல்லவே இல்லியே. உனக்கு எப்டித் தெரியும்?"

"சத்தம் கேக்குதுல்ல? பதினாறு வருசமா நீ அந்தப் பக்கம் மிதிக்கறப்பல்லாம் நா இந்தப் பக்கம் தரைய மிதிச்சுகினுதான் வர்றேன்."

வேலைக்காகக் கழற்றிப்போட்ட ரப்பர் விரிப்பு பட்டறை வாசலில் கிடந்தது. அவள் உட்காரும் பக்கத்தில் ஓர் இடம் மட்டும் தேய்ந்து ஓட்டையாகியிருந்தது. மட்டமான ரப்பர் என்று கடைக்காரனைத் திட்டியிருக்கிறான். அவனுக்கு முதலில் கோபம்தான் வந்தது. தன் வண்டிக்குள் தனக்குத் தெரியாமல் இன்னொரு டிரைவர் ஏறி வந்திருக்கிறாள்! அப்புறம் கோபம் போய் வெட்கம் வந்தது. ஒரு தடவைகூட அவளிடம் சாவியைக் கொடுத்ததில்லை. கண் கலங்கிவிட்டது. தூசு என்று துடைத்துக்கொண்டான்.

போனை எடுத்தான். "தவசிண்ணே, கோச்சிக்காதீங்க. வண்டி விக்கல. லைசென்சு எடுக்க ரெண்டு மாசம் ஆவும், அதுவரிக்கும் சும்மா நிக்கட்டும். டிரைவர் கெடச்சிட்டாங்க."

பட்டறைப் பக்கம் திரும்பிக் கூவினான். "ரஷீது! சீட்ட ரெண்டா அறுத்துடு. எடப்பக்கம் கெடக்கிற எடத்துலயே கெடக்கட்டும், நா கால நீட்டிப்பேன். வலப்பக்கத்த நாலு இன்ச்சு முன்னாடி கொண்டா."

"ஆருய்யா அந்த டிரைவரு?" என்றாள் ரமாபாய்.

"இன்னாது?"

"டிரைவர் கெடச்சிட்டாங்கன்னியே. யாரக் கேட்டு சொன்ன? எங்கிட்ட கேட்டியா?"

ரஷீது தலையைக் குனிந்து ரம்பத்தைத் துடைத்தான். அசோகனுக்கு அப்போதுதான் உறைத்தது. கேட்கத்தான் இல்லை. எதையுமே கேட்டதில்லை. மடங்காத காலை இரண்டு கையாலும் தூக்கி வெளியே வைத்து, இறங்கி, பானெட்டைப் பிடித்துக்கொண்டு சுற்றி வந்து, அவள் பக்கத்துக் கதவருகே நின்றான்.

"ரமா. ஓட்டுறியா?"

அவள் கியர்க் கம்பியைத் தாண்டி வலப்பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள். ஸ்டீரிங்கில் கையை வைத்தாள். மூன்று பெடலையும் ஒவ்வொன்றாகக் காலால் தொட்டுப் பார்த்தாள்.

"ரஷீது பாய், நாலு பத்தாது" என்றாள். "ஆறு இன்ச்சும் முன்னாடி தள்ளு."