மாப்பிள்ளை கடையில் தின்ற இடியப்பம்

கல்யாணம் முடித்து மூன்று மாதத்துக்குள் பஸால் ஒரு களவு பழகிவிட்டான். களவு என்றால் பெரிதாக ஒன்றுமில்லை, கடையில் சாப்பிடுவதுதான். வேறு ஊரில் சொன்னால் சிரிப்பார்கள். கல்முனையில் சிரிக்க மாட்டார்கள். இந்தப் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போய்க் குடியிருப்பார். அவருக்கு மூன்று வேளையும் மூக்குப் பிடிக்கச் சாப்பாடு போடுவது மாமியாருடைய மானம். அப்படிப்பட்ட மாப்பிள்ளை தேத்தண்ணிக் கடை வாங்கில் குந்தியிருந்து பணிஸ் கடிப்பதை ஒரே ஒருவர் கண்டால் போதும், "நாச்சியாட வீட்ட மாப்பிளைக்கு உலை வெக்கல்லயாம்" என்று அஸர் தொழுகைக்குள் ஊரே பேசி முடித்துவிடும்.

நாச்சியாதான் அவனுடைய மாமி. அவருடைய சாப்பாட்டில் குறை சொல்ல எவருக்கும் வாய் வராது. காலையில் முட்டை ரொட்டியும் ஈரல் கறியும், பகலைக்குக் கோழியும் நெய்ச்சோறும், இரவைக்கு ஆட்டுக்கால். மருமகனுக்கு முன்னால் வந்து நிற்பது மட்டும் கிடையாது, அவ்வளவு வெட்கம். அடுப்படித் திரைச்சேலைக்குப் பின்னால் நின்றபடி, "மருமகனுக்கு இன்னம் ரெண்டு அகப்பை வையி புள்ள" என்று மகள் முஸ்பிறாவிடம் சொல்வார். முஸ்பிறாவும் தாய் சொல் தட்டாமல் வைப்பாள். பஸாலின் வயிறு படும் பாட்டை இரண்டு பேரும் கவனிப்பதில்லை.

நல்ல வீடு. மாபிள் தரை, தேக்குக் கதவு, முன்னுக்கு ஒரு நந்தியாவட்டை. முஸ்பிறாவின் வாப்பா சவூதியில் உழைத்துக் கட்டியது என்று கல்யாணப் பேச்சில் சொன்னார்கள். மனிதர் மௌத்தாகி அடக்கமாகிப் பல வருடம். மாமி சுபஹுத் தொழுத கையோடு பக்கத்து ஒழுங்கையில் இருக்கும் தன் ராத்தா, அதாவது அக்கா வீட்டுக்குப் போய்விடுவார். ராத்தாவுக்கு முழங்கால் வருத்தம், பார்க்க ஆளில்லை என்றாள் முஸ்பிறா. விடிந்து பஸால் குளித்து வருவதற்குள் திரும்பி வந்து ரொட்டி தட்டிக்கொண்டிருப்பார்.

அப்படியிருந்தும் அவன் ஏன் கடைக்கு ஓடினான்? அக்கரைப்பற்றில் அரிசி மில் வைத்திருக்கும் வீட்டில் வளர்ந்தவன் அவன். அந்த வீட்டில் கடைச் சாப்பாடு என்றால் ஹராமுக்கு அடுத்த படி. "கண்ட கை பட்டத என்ட புள்ளயள் தின்னப்படா" என்பது உம்மாவின் சட்டம். இருபத்தெட்டு வயதுவரை அந்தச் சட்டத்துக்குள் இருந்தவனை வேலை கல்முனைக்குக் கொண்டுவந்து, பாண்டிருப்பு ஊர்க்காரன் பிரசாந்துக்குப் பக்கத்துக் கதிரையில் உட்கார்த்திவிட்டது. லீசிங் கொம்பனியில் இருவரும் ஒரே பிரிவு. பத்து மணித் தேத்தண்ணிக்குப் பிரசாந் மோட்டார் சைக்கிளை முறுக்கினால் பஸால் பின்னால் ஏறுவான். ஹெல்மட்டை மட்டும் கடை வாசல்வரை கழற்ற மாட்டான்.

முதலில் போனது ஒரு பேக்கரிக்கு. போறணையின் வாயைத் திறந்து, நீட்டுத் துடுப்பால் பாணை இழுத்துப் போட்டார்கள். அந்த வெக்கையும் மணமும் முகத்தில் அடித்தபோது பஸால் அப்படியே நின்றுவிட்டான். பாண் மேசையில் சாப்பிட்டிருக்கிறான். பாண் பிறப்பதைப் பார்த்ததில்லை. கையில் பிடிக்க முடியாத சூட்டில் ஒரு மீன் பணிஸை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றி மாற்றி எறிந்து தின்றான்.

"மச்சான், வாயை மூடித் தின். ஈ போகப்போகுது" என்றான் பிரசாந்.

வாய் மூடவில்லை. பிறகு பஸ் நிலையத்துப் பக்கம் வண்டிலில் வாய்ப்பன் பொரிக்கிறவர். வாழைப்பழமும் மாவும் சீனியும் சேர்த்த உருண்டையை அவர் கையால் கிள்ளி எண்ணெயில் விடுவார். அது தானாகப் புரண்டு தானாகச் சிவக்கும். பிறகு கடற்கரை வீதியில் இறால் வடை. ஒரு கடையில் தேத்தண்ணி ஆற்றுகிறவர் பால்டீயைத் தலைக்கு மேலிருந்து இழுத்துக்கொண்டே வாசலில் போகிறவனுக்கு ஸலாமும் சொன்னார், ஒரு சொட்டுக் கீழே விழவில்லை. பஸால் அங்கே இரண்டு கோப்பை குடித்தான், இரண்டாவது பார்ப்பதற்காக. சொந்த ஊருக்குள் இவ்வளவும் இருந்திருக்குமே, இத்தனை வருடம் கண்ணைக் கட்டிக்கொண்டல்லவா நடந்தேன் என்று அவனுக்கு ஆத்திரமும் வந்தது.

கடைசியாகத்தான், ஊரே காக்கா என்று அண்ணன் முறை வைத்துக் கூப்பிடும் அபூசாலியின் கடை. பெயர்ப்பலகைகூடக் கிடையாது. நாலு மேசை, சுவரில் ஒரு பழைய கலண்டர். பிரசாந் கேட்காமலே பீங்கானில் இடியப்பம் வந்தது. பக்கத்தில் பாலாணம் என்கிற தேங்காய்ப்பால் குழம்பும் மாசிச் சம்பலும்.

பஸால் ஒன்றைத் தூக்கினான். தூக்கியதாகவே தெரியவில்லை. நூல் நூலாக, வெளிச்சம் ஊடுருவ, ஒரு இழையும் இன்னொன்றோடு ஒட்டாமல் இருந்தது. ஆணத்தில் தொட்டு வாயில் வைத்ததும் கரைந்தது, ஆனால் அரிசியின் இனிப்பு மட்டும் கரையாமல் நாக்கில் நின்றது. அவனுக்குக் கண் கலங்கியது. இதைச் சொல்ல வெட்கம்தான், ஆனால் இடியப்பத்துக்காக ஒரு மனிதனுக்குக் கண் கலங்கியது உண்மை.

"காக்கா, இதை ஆர் அவிக்கிற?"

"அது ஒரு வீட்டுலரிந்து வார தம்பி. ஆரெண்டு கேக்காதீங்க, அமானிதம்." அமானிதம் என்றால் அடைக்கலமாக வைத்த பொருள். அதைக் காட்டிக்கொடுப்பது பாவம். பெயரையும் அப்படித்தான் வைத்திருந்தார் அபூசாலி. "ஆனா ஒண்டு சொல்றன். ஒரு பொம்புள தனிய நிண்டு, இந்த இடியப்பத்தாலயே ஒரு கல்வீட்ட எழுப்பிப் புள்ளயக் கட்டிக் குடுத்திரிக்கி. நீங்க எங்க முடிச்சிரிக்கிற?"

ஊருக்கு வந்த எந்த ஆம்பிளையிடமும் கேட்கிற கேள்விதான். குற்றமுள்ள நெஞ்சு சும்மா இருக்குமா? "நான் இன்னம் முடிக்கல்ல காக்கா" என்றான் பஸால். பிரசாந்துக்குப் புரையேறியது.

"அடடா, கொஞ்சம் பிந்திட்டீங்க. அந்த வீட்டுல இரிந்த ஒரு புள்ளயயும் குடுத்தாச்சி. அந்த மாப்பிளைக்குக் குடுத்து வெச்சிரிக்கி."

அந்த மாப்பிள்ளை மேல் பஸாலுக்குப் பொறாமை வந்தது. தினமும் காலையில் இதைத் தின்கிறானே பாவி என்று நினைத்தான். அதன்பிறகு அவன் வேறு கடைக்குப் போகவில்லை.

வாய் தவறியது ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்ஆ முடிந்து வந்து சாப்பிட உட்கார்ந்தான். திரைச்சேலைக்குப் பின்னால் இருந்து, "மருமகனுக்கு நாளைக்கு என்ன தின்ன ஆசையெண்டு கேளு புள்ள" என்றது மாமியின் குரல்.

"இடியப்பம்" என்றான் பஸால்.

முஸ்பிறாவின் முகம் ஒரு மாதிரியானது. "உம்மாக்கு இடியப்பம் சரிவராது. வேற என்னவும் சொல்லுங்க."

"சரிவராட்டி விடுங்க. அபூசாலி காக்காட கடை இடியப்பத்தத் திண்டா வேற எவங்கட இடியப்பத்தயும் திங்கேலா. ஒவ்வொரு நாளும் திங்கிறன், இன்னம் ஆசை அடங்கல்ல. அத அவிக்கிறவ மனிசியே இல்ல, வானத்து மலக்கு!"

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது உறைத்தது. அடுப்படியில் ஒரு மூடி விழுந்து உருண்டது. முஸ்பிறா எழுந்து உள்ளே போனாள். திரும்பி வந்தவள் அவனைப் பார்க்காமல் சொன்னாள்: "உம்மா அழுகுறா."

அன்றைக்கு முழுக்கப் பஸால் செத்த பிணம் மாதிரித் திரிந்தான். கோழி அறுத்து, ஆடு அறுத்து, பார்த்துப் பார்த்து ஆக்கிப்போட்ட மனிசியின் முகத்தில், கடையில் தின்கிறேன் என்று கரி பூசிவிட்டான். மன்னிப்புக் கேட்கலாமென்று மூன்று தரம் திரைச்சேலைவரை போனான், மூன்று தரமும் திரும்பி வந்தான். மாமி இனி இந்த வீட்டில் தனக்கு மனதாரச் சோறு போடுவாரா என்பதே அவனுக்குப் பெரிய பயமாக இருந்தது.

சனிக்கிழமை காலை மேசையில் உட்கார்ந்தான். திரைச்சேலை விலகியது. மாமியே வந்தார், தலையில் முக்காட்டோடு, கையில் சுளகோடு. சுளகில் வாழையிலை, இலையில் ஆவி பறக்க இடியப்பம்.

"தின்னுங்க மருமகன். பிறகு கதைப்பம்."

அவன் ஒன்றைத் தூக்கினான். தூக்கியதாகவே தெரியவில்லை.

வாயில் வைக்கத் தேவையிருக்கவில்லை, இருந்தாலும் வைத்தான். பிறகு தலையை உயர்த்தி மாமியைப் பார்த்தான். அவருடைய கையைப் பார்த்தான். இடியப்ப உரல் பிடித்துப் பிடித்து உள்ளங்கை காய்த்து, மணிக்கட்டுவரை ஆவி சுட்ட தழும்பு. மூன்று மாதம் இந்தக் கை போட்ட சோற்றைத் தின்றவன், கையைப் பார்த்ததே இல்லை.

"அவர் சவூதியில ரெண்டு வருசம்தான் நிண்ட. நோயோடதான் வந்த" என்றார் மாமி. "அத்திவாரத்தோட எல்லாம் முடிஞ்சி. மிச்ச வீடு நான் புழிஞ்ச வீடு மருமகன். உங்கட உம்மா கடைச் சாப்பாட்டயே தொட உடமாட்டாவெண்டு சொன்னாங்க. கடைக்கு அவிக்கிறவட மகள எடுப்பாவா? அதால மறைச்சம். நீங்க வந்த பிறகு ராத்தாட அடுப்படியிலதான் அவிக்கிற."

பஸால் சுற்றிப் பார்த்தான். தரை, சுவர், தேக்குக் கதவு, மேலே சுழலும் காற்றாடி, தான் படுத்தெழும்பும் அறை. வாயில் வைத்தால் கரைகிற ஒன்றால் ஒரு மனிசி இவ்வளவையும் தூக்கி நிறுத்தியிருக்கிறாள். மழையென்றும் வெள்ளமென்றும் பாராமல், ஊர் தூங்கும்போது எழும்பி, இழை இழையாகப் பிழிந்து. அவனுக்குப் பள்ளிவாசலுக்குள் காலை வைத்தவன் மாதிரி இருந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் போன் அடித்தது. உம்மா. அவன் இடது கையால் அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்தான்.

"என்ன மகன் சாப்பிடுற?"

"இடியப்பம் உம்மா."

"கடையிலயா எடுத்த?" குரல் சட்டென்று கூராகியது.

"இல்ல. மாமி அவிச்ச."

அதோடு நிறுத்திக்கொண்டான். அதற்கு மேல் சொல்ல அவனுக்கு உரிமையில்லை. மாமியைப் பார்த்து, வேண்டாம் என்று மெல்லத் தலையசைத்தான். நாச்சியா ஒரு கணம் கண்ணை மூடித் திறந்தார். பிறகு போனுக்குக் கிட்டக் குனிந்து, சம்பந்தியை மச்சி முறை வைத்துக் கூப்பிட்டார்.

"மச்சி, நான் நாச்சியா. கடைக்கு இடியப்பம் அவிக்கிறவ நான். இந்த வீடு சவூதிக் காசில்ல. இடியப்பத்தால கட்டின. உங்களுக்குப் பொய் சொல்லிட்டம்."

மறுபக்கத்தில் மில் ஓடும் இரைச்சல் மட்டும் கேட்டது. முஸ்பிறா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். பஸாலுக்கு உம்மாவின் கோபம் தெரியும்.

"தனியவா மச்சி?" என்றது உம்மாவின் குரல்.

"ஓம் மச்சி. தனியத்தான்."

"இப்பிடிப்பட்ட கையிலயா நான் என்ட புள்ளயக் குடுத்திரிக்கன்?"

இரைச்சலுக்கு நடுவில் உம்மா மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார் உம்மா. "பஸால், என்ன குந்திட்டு இரிக்காய்? எழும்பி அந்தக் கையக் கொஞ்சு மகன்."

பஸாலின் விரல்களில் ஆணம் வழிந்துகொண்டிருந்தது. கழுவக்கூட நிற்காமல் எழும்பினான்.