இருநூறு பேருக்கு ஒரே நைனா

எனக்குக் கோபம் வந்தால் வாய் நிற்காது. 2005 மார்ச்சில், துறைத்தலைவர் இளங்கோவன் அறையிலும் நிற்கவில்லை.

திருத்தணியில் ஒரு கல்லூரியில் கணினி ஆசிரியை நான். ஆர்.கே.பேட்டைக் காசநோய் மருந்தகத்துக்காக ஒரு புரோகிராம் எழுதியிருந்தேன். எல்லை ஊர்க்காரர்கள் இங்கே ஒரு மாதம், ஆந்திராவில் ஒரு மாதம் என்று மருந்து வாங்குவார்கள். இரண்டு பக்கப் பதிவேடுகளையும் சலித்து, உண்மையிலேயே மருந்தை நிறுத்தியவர்கள் யார் என்று அது கண்டுபிடிக்கும். யாரும் திறந்து திருத்தக்கூடிய இலவசத் தளத்தில் அதை வெளியிடலாம் என்றேன். இளங்கோவனோ ஒரு கம்பெனியின் பூட்டிய மென்பொருளுக்குள்தான் வைக்கவேண்டும் என்று இரண்டு மாதம் இழுத்தடித்தார். அப்போதுதான் அவர் கட்டுரை படிக்கப்போகும் மாநாட்டில் மதிப்பாம். மண்ணாங்கட்டி மதிப்பு!

அன்று பெருமையாக ஒரு தாளை நீட்டினார். "பாருங்க ஷோபனா, கம்பெனி சாஃப்ட்வேர்ல ஓட்டிட்டேன். ஒருத்தர்கூட மருந்தை நிறுத்தல."

பார்த்தேன். இருநூற்றுப் பன்னிரண்டு பேருக்குத் தகப்பன் பெயர் 'நைனா'.

"சார், இந்தப் பக்கம் நைனான்னா அப்பா! 'நைனா பேரு சேட்டு'ன்னு சொல்லியிருப்பாங்க. பதிவேட்டுல எழுதின வெளியூர்க்காரன் மொத வார்த்தையோட நிறுத்திட்டான். இந்த சாஃப்ட்வேரு தகப்பன் பேர வெச்சுதான் ஆள பொருத்துது. அத்தனை பேரையும் ஒரே ஆளா சேத்துகினு, ஒருத்தன் வாங்கினா எல்லாரும் வாங்கினதா காட்டுது."

"திருத்துங்களேன்."

"எங்க திருத்தறது? பூட்டு கம்பெனிக்காரன்கிட்ட கீது. கேட்டா ஆறு மாசம்ன்றான். என்னோடதுல ஒரே வரி சேத்தா போதும்."

"தளம் முடிவாயிடுச்சும்மா. மாநாட்டுக்கு எழுதி அனுப்பிட்டேன்."

"ஆளு சாவுறான், உங்களுக்கு மாநாடா? நல்லா கீது சார் உங்க நியாயம்!"

கதவை அறைந்து சாத்திவிட்டு வந்தேன். அந்த ஒரு வரியைச் சேர்த்தேன். யாரையும் கேட்காமல் இலவசத் தளத்தில் ஏற்றினேன். ஒரு சிடியிலும் எழுதிக்கொண்டு மதிய டவுன் பஸ்ஸில் ஆர்.கே.பேட்டை போய், மருந்தகத்துக் கணினியில் நானே போட்டு ஓட்டினேன்.

மருந்தை நிறுத்தியவர்கள் பதினேழு பேர்.

நர்ஸ் அம்சா பட்டியலை விரலால் தடவிக்கொண்டே வந்தாள். பேனாவை எடுத்து இரண்டு பெயர்களை அடித்தாள்.

"இவரு போன மாசமே செத்துட்டாரு, ஷோபனா. இந்தப் பொண்ணு திங்கக்கெழம."

மீதிப் பதினைந்து பேரின் முகவரியை எழுதிக்கொண்டு வெயிலில் கிளம்பினோம். வழியெல்லாம் இளங்கோவனைத் திட்டினேன். அம்சா முகவரித் தாளைப் பார்த்தபடி முன்னால் நடந்தாள். முதல் வீட்டு வாசலில் நின்று கேட்டாள்.

"இன்னிக்கு யாரையும் கேக்காம போட்டியே, அத ரெண்டு மாசம் முன்னாடியே போட்டிருந்தா இன்னா?"

என் வாய் அப்போதுதான் நின்றது.