ரயிலில் வரைவோர் கவனத்துக்கு

மலேசியாவின் சுங்கை பட்டாணியில் மூன்று பேர் கொண்ட ஒரு குழு இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலை வடக்கே போகும் ரயிலில் ஏறுவார்கள். எதிரே உட்கார்ந்திருப்பவர்களைப் பென்சிலால் வரைந்துகொண்டே அலோர் ஸ்டார் போவார்கள். அங்கே ஒரு கோப்பி குடித்துவிட்டு, வரைந்துகொண்டே திரும்பி வருவார்கள்.

குழுவை ஆரம்பித்தவர் பிரேமாவதி. அரசு மருத்துவமனையில் முப்பத்தைந்து வருடம் மிஸ்ஸியாக, அதாவது தாதியாக, இருந்தவர். கடைசிப் பதினோரு வருடம் ஆண்கள் வார்டை அவர்தான் ஆண்டார். ஓய்வு பெற்ற முதல் மாதம் வீட்டு அலமாரிகளை ஒழுங்கு செய்தார். இரண்டாவது மாதம் பக்கத்து வீட்டு அலமாரிகளுக்குப் போனார். மூன்றாவது மாதம் மகள் ஒரு வரைபுத்தகமும் ஒரு டப்பா பென்சிலும் வாங்கிவந்து, “அம்மா, இனிமே இதை ஒழுங்கு செய்யுங்க” என்று கையில் திணித்தாள்.

மற்ற இருவரும் நகராண்மைக் கழக மண்டபத்தில் நடந்த ஓவிய வகுப்பில் கிடைத்தவர்கள். சத்தியசீலனுக்கு டயர் கடையில் வேலை. பார்த்ததை அப்படியே வரைவான், இரக்கமே கிடையாது. மருவுக்குள் ஒரு முடி இருந்தால் அந்த முடியும் படத்தில் இருக்கும். ஜெனவீவ் பாலர்பள்ளி ஆசிரியை. ஞாயிறு காலை ரயிலுக்காகச் சனிக்கிழமை சாயங்காலமே மாதாகோயில் பூசைக்குப் போய்விடுவாள். அவள் எதை வரைந்தாலும் அது சிரிக்கும். ஒருமுறை ரயில் பெட்டியின் தீயணைப்புக் கருவியை வரைந்தாள், அதுவும் சிரித்தது.

முதல் பயணத்தில் அவர்களுக்கு விதி ஒன்றும் இருக்கவில்லை. சத்தியசீலன் ஒரு தடித்த ஆளை மூன்று ஸ்டேஷன் தூரம் இமைக்காமல் பார்த்தான். அந்த ஆள் எழுந்து வந்து, தான் ஏதாவது கடன் தர வேண்டியிருக்கிறதா என்று கேட்டார். ஜெனவீவின் கரிக்கோல் தூள் ஒரு வெள்ளைக் கால்சட்டையில் பட்டது. டிக்கெட் பார்ப்பவர் வந்து இருவரையும் நிற்கவைத்து விசாரித்துவிட்டுப் போனார்.

அன்று இரவே பிரேமாவதி குழுவின் வாட்ஸ்அப்பில் பதினொரு விதிகளைப் போட்டார். மேலே ‘ரயிலில் வரைவோர் கவனத்துக்கு’ என்று தலைப்பு. அனுமதி கேட்காமல் யாரையும் வரையக்கூடாது. தூங்குகிறவரை வரையவே கூடாது. ஒரே ஆளைத் தொடர்ந்து மூன்று நொடிக்கு மேல் பார்க்கக்கூடாது. பென்சில் சீவும் தூள் அவரவர் டப்பாவுக்குள் விழ வேண்டும். இருப்பதை மட்டுமே வரைய வேண்டும், கூட்டவோ குறைக்கவோ கூடாது. போன் சத்தம் போடக்கூடாது. மூவரும் சேர்ந்தே ஏறி, சேர்ந்தே இறங்க வேண்டும். ஒன்பதாவது விதியைத் தடித்த எழுத்தில் போட்டிருந்தார்: பயணிகளின் சொந்த விஷயத்தில் தலையிடக்கூடாது.

“அக்கா, மூணு செகண்டுல ஒரு மூக்குகூட வராது லா” என்று சத்தியசீலன் பதில் போட்டான்.

“பார்த்துட்டுக் குனி. மறுபடி நிமிர்ந்து பாரு” என்று பதில் வந்தது.

அதற்குப் பிறகு நான்கு மாதம் ஒரு சிக்கலும் இல்லாமல் ஓடியது.

சின்னையா ஏறியது மே மாதத்து ஞாயிறு ஒன்றில். அறுபதை நெருங்கும் ஆள். கஞ்சி போட்ட நீலச் சட்டை, தலையில் ஒரு தொப்பி, மடியில் சிவப்புத் துணிப்பை. பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மூவருக்கும் எதிரே உட்கார்ந்தார். நல்ல முகவெட்டு. மூவரும் ஒரே நேரத்தில் புத்தகத்தைத் திறந்தார்கள். பிரேமாவதி விதிப்படி எழுந்து போய்க் குனிந்து கேட்டார்.

“அண்ணே, வணக்கம். நாங்க படம் வரையறவங்க. உங்களை வரையலாமா?”

“எதுக்கு? போலீஸா?”

“இல்லண்ணே, சும்மா. பொழுதுபோக்கு.”

சின்னையா தொப்பியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பிறகு, “தொப்பியோட வரைவீங்களா, இல்லாமலா?” என்று கேட்டார்.

“உங்க இஷ்டம்.”

அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, ஏதோ வழக்கில் தீர்ப்புக்குத் தயாரானவர்போல் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். உச்சி முழுக்க வழுக்கை. காதுக்கு மேலே மட்டும் இரண்டு பக்கமும் கொஞ்சம் நரை.

பத்து நிமிடத்தில் மூன்று படமும் ஒரு வடிவத்துக்கு வந்தன. சின்னையாவால் பொறுக்க முடியவில்லை. எழுந்து வந்து பார்த்தார். பார்த்ததும் முகம் தொங்கிப்போனது.

“தம்பி, மேலே கொஞ்சம் முடி போட்டுக் குடுப்பா.”

“எங்கண்ணே போடறது? இடமெல்லாம் இருக்கு, முடிதான் இல்ல” என்றான் சத்தியசீலன்.

“ஒரு நாலு கோடு. யாருக்குத் தெரியப் போவுது?”

“இருக்கறதை மட்டும்தான் வரைவோம். அது எங்க விதி” என்றார் பிரேமாவதி.

சின்னையா பெருமூச்சு விட்டுக்கொண்டு, தன் போனைத் திறந்து ஒரு படத்தைக் காட்டினார். முப்பது வயசு மதிக்கத்தக்க இளைஞன். நெற்றிக்கு மேலே ஒரு காடு. யாருடைய கல்யாணத்திலோ மாலையோடு நின்றுகொண்டிருந்தான்.

“இது யாரு, உங்க மகனா?” என்று ஜெனவீவ் ஆசையாகக் கேட்டாள்.

“நான்தான்மா.”

விஷயம் அப்புறம்தான் வெளியே வந்தது. சின்னையாவுக்குப் பாடாங் மேஹாவில் செம்பனை எண்ணெய் ஆலையில் எடைமேடை வேலை. மனைவி இறந்து எட்டு வருடம். ஜித்ராவில் மருதம்மாள் என்று ஒருவர், பள்ளிக்கூடக் கேண்டீன் நடத்துகிறவர், அவருக்கும் துணை இல்லை. தங்கை ஒருத்தி போன் நம்பரை வாங்கிக் கொடுத்தாள். மூன்று மாதமாகப் போனில் பேச்சு. அந்தம்மா ஒரு படம் கேட்டார். சின்னையாவும் ஒரு படத்தை அனுப்பிவிட்டார். இன்றைக்கு முதல்முறையாக நேரில். அலோர் ஸ்டார் ஸ்டேஷனில் அவர் காத்திருக்கிறார்.

“தொப்பியைக் கழட்டாம சமாளிச்சிரலாம்னு நெனச்சேன்” என்றார் சின்னையா.

“எவ்வளவு நாளைக்கு?” என்றான் சத்தியசீலன்.

ஜெனவீவ் பென்சிலைக் கீழே வைத்தாள். “அண்ணே, முன்னாடியே சொல்லிட்டா அவங்களுக்கு அதிர்ச்சி இருக்காதில்ல? இந்தப் படத்தை இப்பவே அனுப்பிருங்க.”

“ஜெனவீவ். ஒன்பதாவது விதி” என்றார் பிரேமாவதி.

“சரிக்கா. சாரிக்கா.”

ரயில் குரூண் ஸ்டேஷனை நெருங்கிக்கொண்டிருந்தது. சின்னையா ஜன்னலுக்கு வெளியே ஜெராய் மலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அவர் கை அந்தப் பையின் வாரைத் திருகிக்கொண்டே இருந்தது. பிரேமாவதி இரண்டு நிமிடம் தன் படத்தில் கவனமாக இருந்தார். அறுவைச் சிகிச்சைக்கு முந்தின நாள் ஆண்கள் இப்படித்தான் போர்வை நுனியைத் திருகுவார்கள் என்பது அவருக்கு நினைவுக்கு வந்தது.

“எந்தப் படத்தை அனுப்பப் போறீங்க?” என்று கேட்டார்.

மற்ற இருவரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் யாரையும் பார்க்கவில்லை.

இந்தக் கேள்வியில் பெரிய வாக்குவாதமே வந்துவிட்டது. சத்தியசீலனின் படத்தில் சின்னையா ஜாமீன் கிடைக்காதவர்போல் இருந்தார். ஜெனவீவின் படத்தில் குலுக்கலில் கார் விழுந்தவர்போல் சிரித்தார். பிரேமாவதி வரைந்ததில் முகத்தைவிட மண்டையோடுதான் நன்றாகத் தெரிந்தது. ஒவ்வொருவரும் அவரவர் படத்தைப் பற்றிப் பேசினார்கள். கடைசியில் சின்னையா மூன்றையும் போனில் பிடித்து, ஒரு வார்த்தைகூட எழுதாமல், மூன்றையும் அனுப்பிவிட்டார்.

பதில் வரவில்லை. வயல் வந்தது, வாய்க்கால் வந்தது, நாரைகள் வந்தன. கோபா ஸ்டேஷன் தாண்டியதும் போன் ஒலித்தது. குரல் செய்தி. சின்னையா அவசரத்தில் எதையோ அழுத்த, மருதம்மாளின் குரல் பெட்டி முழுக்கக் கேட்டது.

“யாருங்க இந்த மூணு பேரு? இதுல நீங்க யாரு? மத்த ரெண்டு பேரும் உங்ககூட வர்றாங்களா? சொல்லவே இல்லயே! நான் ரெண்டு பேருக்குத்தான் சோறு கொண்டாந்திருக்கேன்.”

தமிழ் தெரிந்தவர்கள் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். பக்கத்து இருக்கை மலாய் அம்மா என்னவென்று கேட்க, ஜெனவீவ் முழுக்கதையையும் மலாயில் சொன்னாள். அந்த அம்மா சின்னையாவின் தலையை மேலும் கீழும் நிதானமாகப் பார்த்துவிட்டு, “போத்தாக் பூன் ஓகே லா” என்றார். மொட்டையானாலும் குறையில்லை என்று அவர் சொன்னதைச் சுற்றியிருந்த எல்லாரும் தலையாட்டி ஏற்றுக்கொண்டார்கள்.

சின்னையாவுக்கு அது ஆறுதலாக இல்லை. அலோர் ஸ்டார் வந்ததும் அவர் எழுந்திருக்கவே இல்லை.

“நான் கடைசி ஸ்டேஷன் பாடாங் பெசார் வரைக்கும் போயிட்டு வந்துடறேன். நீங்க எறங்குங்க.”

“அவங்க அங்க நிக்கிறாங்க அண்ணே!” என்றாள் ஜெனவீவ்.

“கால் வரமாட்டேங்குது மா.”

ஊசிக்குப் பயந்து கட்டிலுக்கு அடியில் ஒளிந்த ஆட்களையெல்லாம் பிரேமாவதி பார்த்திருக்கிறார். அவர் வாதாடவில்லை. சின்னையாவின் மடியிலிருந்த சிவப்புப் பையை ஒரே இழுப்பில் எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

“அக்கா! அக்கா! அதுல மங்குஸ்தீன் பழம் இருக்கு!” என்று கத்திக்கொண்டே சின்னையா பின்னால் ஓடினார். ஜெனவீவ் அவர் தொப்பியைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். கதவு மூடியது. ரயில் நகர்ந்தபோதுதான் ஜன்னலுக்குள் சத்தியசீலன் தெரிந்தான். காதுக்கு நிழல் போட்டுக்கொண்டிருந்தவன், அப்போதுதான் நிமிர்ந்து எதிர் இருக்கை காலியாக இருப்பதைக் கவனித்தான். உடனே பிரேமாவதியின் போன் அடித்தது.

“அக்கா, கதவு மூடிருச்சு.”

“தெரியுது. அடுத்த ஸ்டேஷன்ல எறங்கித் திரும்பி வா.”

நடைமேடைக் கோடியில் பச்சைச் சேலை கட்டிய, நல்ல உயரமான ஒரு பெண் நாலடுக்குத் தூக்குக்கேரியரோடு நின்றார். போனைப் பார்த்தார், சின்னையாவைப் பார்த்தார். மறுபடி போனைப் பார்த்தார். அருகே வந்தார்.

“நீங்க இந்த மூணாவது படம்” என்றார்.

அது சத்தியசீலன் வரைந்தது. சின்னையா தலைகுனிந்தார். குனிந்ததில் தலைதான் இன்னும் நன்றாகத் தெரிந்தது.

“மூணு மாசமா அந்த முடியோட பேசிக்கிட்டு இருந்திருக்கேன்” என்றார் மருதம்மாள். குரலில் சிரிப்பு இல்லை. “முடி இல்லாததுக்கு நான் ஒண்ணும் சொல்லல. என்னை ஏமாளின்னு நெனச்சீங்களே, அதுதான்.” பிறகு பிரேமாவதியைப் பார்த்தார். “நீங்க இவருக்கு அக்காவா?”

“இல்லம்மா. ரயில்ல பார்த்தோம்.”

“எப்போ?”

“முக்கால் மணி நேரம் இருக்கும்.”

மருதம்மாள் கேரியரைக் கை மாற்றிக்கொண்டு திரும்பி நடக்க ஆரம்பித்தார். சின்னையா நின்ற இடத்திலேயே நின்றார். பிரேமாவதி பின்னாலேயே போய், மருதம்மாளுக்கு முன்னால் நின்றார்.

“நான் பதினோரு வருஷம் ஆம்பளைங்க வார்டுல இருந்தவ. தலையணைக்கு அடியில சிகரெட்டை வச்சுக்கிட்டு, தொட்டதே இல்லம்பாங்க. நானா கண்டுபிடிச்சாத்தான் உண்டு. இவரு அந்த மூணு படத்தையும் தானாத்தான் அனுப்பினாரு. உங்களைப் பார்க்கறதுக்கு முன்னாடியே அனுப்பினாரு. அதை மட்டும் சொல்லணும்னு தோணுச்சு.”

மருதம்மாள் கேரியரை மறுபடி கை மாற்றிக்கொண்டார். பிறகு திரும்பி வந்தார்.

“வேற என்னென்ன பொய் சொன்னீங்க? இப்பவே சொல்லிருங்க.”

“சக்கரை இருக்கு” என்றார் சின்னையா.

“எவ்வளவு?” என்று பிரேமாவதி கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

“எட்டு, ஒன்பது. அப்புறம், உள்ளே ரெண்டு பல்லு கட்டுனது.”

“அப்புறம்?”

சின்னையா தயங்கினார். “தோசை நல்லா சுடுவேன்னு சொன்னேனே. அது வராது. ஒட்டிக்கும்.”

மருதம்மாளின் முகம் அப்போதுதான் உண்மையாகவே வாடியது.

“அதுவுமா?” என்றார். “விடியக்காலை நாலு மணியிலேருந்து ஊர்ப்பிள்ளைங்களுக்கெல்லாம் நான்தான் சுடறேன். எனக்குன்னு ஒருத்தர் சுட்டுக் குடுப்பாருன்னு... அதைத்தாங்க நான் நெனச்சுக்கிட்டிருந்தேன்.”

ஜெனவீவ் கண்ணைத் துடைத்துக்கொண்டாள், கரித்தூள் கன்னமெல்லாம் அப்பியது.

“கத்துக்கறேன்” என்றார் சின்னையா. “நெசமாத்தான். கல்லு ஒண்ணு புதுசா வாங்கறேன்.”

“புதுக்கல்லு இன்னும் ஒட்டும். பழசு ஒண்ணு என்கிட்ட இருக்கு” என்றார் மருதம்மாள். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று தெரிந்ததுபோலச் சட்டென்று பெஞ்சில் உட்கார்ந்து கேரியரைத் திறந்தார். “சாப்பிட வாங்க. ஆறிடும்.”

இரண்டு பேருக்கான சோறு, கருவாட்டுக் குழம்பு, வெண்டைக்காய். ஸ்டேஷன் வாசல் கடையில் நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோறு நாலு பொட்டலம் வாங்கி, நால்வரும் பங்கு போட்டுச் சாப்பிட்டார்கள். முக்கால் மணி கழித்து அடுத்த ஸ்டேஷனான அனாக் புக்கிட்டிலிருந்து சத்தியசீலன் வந்து சேர்ந்தபோது மிச்சமிருந்தது ஒரு பொட்டலமும் குழம்பும்தான். அவன் உட்கார்ந்ததும் முதலில் காட்டியது தான் வரைந்து முடித்த காதைத்தான். மருதம்மாள் அதைக் கையில் வாங்கி, சின்னையாவின் காதோடு வைத்துப் பார்த்து, “அப்படியேதான் இருக்கு” என்றார். அவனுக்கு அன்றைய நாள் அதோடு நிறைவாகிவிட்டது.

மங்குஸ்தீன் தோல் ஒரு குவியலாகச் சேர்ந்தது. பிரேமாவதி அதைப் பையில் அள்ளிக்கொண்டிருந்தபோது, சின்னையா கேரியரைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷன் ஓரக் குழாய்க்குப் போனார். சட்டைக் கையை மடித்துவிட்டு, ஒவ்வொரு அடுக்காகக் கழுவ ஆரம்பித்தார். மருதம்மாள் பெஞ்சிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தார்.

தெற்கே போகும் ரயில் வந்தது. மூவரும் எழுந்தார்கள். சின்னையா ஈரக்கையால் கும்பிட்டார், ஆனால் குழாயடியை விட்டு நகரவில்லை.

“நீங்க வரல?” என்று கேட்டான் சத்தியசீலன்.

“அடுத்ததுல வரேன் தம்பி.”

கதவு மூடும்போது, பின்னாலிருந்து மருதம்மாளின் குரல் கேட்டது: “மூடிக்கு அடியில எண்ணெய் இருக்கு பாருங்க. ஓரத்தை நல்லா தேயுங்க.”