கைப்பையில் ஒரு ஸ்லைடு

நாற்காலிகளை விரித்துப் போட்டுக்கொண்டிருந்த தம்பியின் கையிலிருந்து ஒன்றைப் பிடுங்கி, அக்கா தானே டமாலென்று விரித்தாள். கூடத்தின் நடுவில், பெட்டிக்குள் அப்பா கிடந்தார். வண்டி வர இன்னும் நேரமிருந்தது.

"பெத்தா இப்படி ஒரு பையனைப் பெக்கணும். கூடவே இருந்து பாத்துக்கிட்டான்" என்று பெரியப்பா தம்பியின் தோளைத் தட்டினார்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பார்த்துக்கொண்ட லட்சணம் அவளுக்கல்லவா தெரியும்.

மருத்துவமனை ஆய்வகத்தில் அவளுக்கு வேலை. நோயாளியிடமிருந்து எடுத்த சதைத் துணுக்கை மெழுகில் பதித்து, வெங்காயத் தோலைவிட மெல்லிசாகச் சீவி, கண்ணாடி ஸ்லைடில் ஏற்றிச் சாயம் போட வேண்டும். அதுவரை துணுக்கு அழுகாமலிருக்க ஃபார்மலின் மருந்தில் கிடக்க வேண்டும். அப்பாவின் நுரையீரலில் ஊசி போட்டு எடுத்த துணுக்கை ஃபார்மலின் பாட்டிலில் போட்டு வெள்ளிக்கிழமை சாயங்காலம் தம்பியிடம் கொடுத்தனுப்பினார்கள். ஆய்வகம் பூட்டியிருந்ததால் திங்கட்கிழமை வரை பாட்டில் வீட்டில்தான் இருந்தது. அந்த நேரம் பார்த்து அவள் வெளியூரில்.

திரும்பி வந்தபோது ஸ்லைடு தயாராயிருந்தது. மைக்ராஸ்கோப்பின் மேடையில் வைத்துக் கிளிப்பை மாட்டினாள். பெரிய திருகைத் திருகினாள், சின்னத் திருகைத் திருகினாள், லென்சை மாற்றினாள், கீழிருந்து வரும் வெளிச்சத்தைக் கூட்டினாள். ஒரு செல்லுக்கும் உருவமில்லை. சாயம் பிடித்த கூழ்தான் தெரிந்தது. பாட்டிலை முகர்ந்து பார்த்தாள். வெறும் தண்ணீர்.

"நான்தான் மாத்துனேன். கார்ல நாத்தம் தாங்கல" என்றான் தம்பி, அவள் போய்க் கேட்டபோது, தரையைப் பார்த்துக்கொண்டு.

இன்னொரு ஊசி என்றதும் அப்பா முரண்டு பிடித்தார். ஒருவழியாகச் சம்மதித்தபோது நோய் முற்றிவிட்டது. அன்றிலிருந்து தம்பியிடம் அவள் வாய் திறந்தால் திட்டுவதற்குத்தான். இன்று எல்லார் முன்னாலும் போட்டு உடைத்துவிடுவதென்று அந்த ஸ்லைடைக் கைப்பையில் கொண்டுவந்திருந்தாள்.

"இவன் என்ன பண்ணான்னு தெரியுமா பெரியப்பா?"

"அக்கா, வேணாம்" என்றான் தம்பி.

"ஏன் வேணாம்? அந்தப் பாட்டில்ல நீ..."

"எந்தப் பாட்டில்? ஃப்ரிட்ஜ்ல வச்சிருந்தானே, அதுவா?" அப்பாவின் தலைமாட்டிலிருந்த அம்மா திரும்பினாள். குரல் கட்டியிருந்தது. "மூடி சரியா இல்ல. அந்த நாத்தத்துல அப்பாவுக்குக் குமட்டிக்கிட்டு வந்துச்சு. நான்தான் கொட்டிட்டு நல்ல தண்ணி ஊத்தி வச்சேன். குழாத் தண்ணி இல்லம்மா, கொதிக்க வச்சு ஆறுன தண்ணி."

அக்கா தம்பியைப் பார்த்தாள். மடக்கிய நாற்காலியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றான். பாவி, இத்தனை மாதம் அத்தனை வசவையும் வாங்கிக்கட்டிக்கொண்டு கல்லு மாதிரி இருந்திருக்கிறான். அவள் காதில் மட்டுமாவது சொல்லித் தொலைத்திருக்கலாமே. கோபம் ஒரு பொட்டும் குறையவில்லை. அதை யார் தலையில் இறக்குவது என்றுதான் தெரியவில்லை.

"தப்பு ஒண்ணும் இல்லையே?" என்றாள் அம்மா.

"இல்லம்மா."

"என்னமோ சொல்ல வந்தியே" என்றார் பெரியப்பா.

"அப்பாவை நல்லா பாத்துக்கிட்டான்னு சொல்ல வந்தேன்" என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு.

அம்மா இருமினாள். அக்கா சமையலறைக்குப் போனாள். அடுப்பின் மேல், தட்டுப் போட்டு மூடிய பாத்திரத்தில் தண்ணீர் ஆறிக்கொண்டிருந்தது. ஒரு டம்ளர் மொண்டு, அம்மாவிடம் கொண்டுவந்து கொடுத்தாள்.